நாலு ஓட்டை பொருந்தினா போதுமா?

சான்ட்ரோவுக்கு ஐ20 சக்கரம் போடலாமா, கூடாதா? எங்க கிளாஸ்ல காரைப் பத்திப் பேச்சு ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல இங்க வந்து தான் நிக்குது. சினிமா, கிரிக்கெட், அரியர் எல்லாம் தாண்டி இதுல ஒரு கோஷ்டிச் சண்டையே நடக்குது. நான் மெக்கானிக்கல்ங்கிறதால "நீ சொல்லுடா"ன்னு வேற இழுத்து விடறாங்க. சரி, ஒரே தடவையா எழுதிடறேன். நீளமா இருக்கும், காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல நம்ம ஏரியாவுல இந்த ஆசை ஏன் இவ்வளவு பலமா இருக்குன்னு பார்க்கணும். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் ரோட்டுல நேரா போனா இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் ஃபேக்டரி அங்க தான். 1998ல சான்ட்ரோ அங்கேருந்து தான் வெளிய வந்தது. 2003ல சான்ட்ரோ ஜிங், 2007ல ஐ10, 2008 கடைசியில ஐ20. பழைய சான்ட்ரோ 2014 கடைசி வரைக்கும் வந்துட்டு இருந்தது (2018ல அதே பேர்ல வந்தது வேற கார், அதை இதுல சேர்க்காதீங்க). அம்பத்தூர், ஆவடி பக்கம் நிறைய வீட்டுக்கு சான்ட்ரோ தான் முதல் கார். அப்பா பி.எஃப். பணத்துல வாங்கி, சனிக்கிழமை சனிக்கிழமை துடைச்சு, மழை வந்தா கவர் போட்டு மூடின கார். பையன் லைசன்ஸ் எடுத்ததும் அது கைக்கு வருது. அவன் கண்ணுக்கு முதல்ல படறது அந்த 155 டயர் தான். "என்னடா இது, சைக்கிள் டயர் மாதிரி இருக்கு?"

தப்பு சொல்ல முடியாது, பார்க்க அப்படித் தான் இருக்கு. உயரமான வண்டி, கீழ ஒல்லிக்கால். வேட்டியை மடிச்சுக் கட்டின வாத்தியார் மாதிரி.

அடுத்த ஸ்டெப் புதுப்பேட்டை. கழட்டிப் போட்ட ஐ20 ரிம், அதுவும் டயரோடவே, செட்டா கிடைக்கும். "ஓட்டை கரெக்டா உக்காரும் தம்பி, எந்த வேலையும் இல்ல, கழட்டு, மாட்டு, போ"ன்னு சொல்வாங்க. இந்த வாக்கியத்துல பாதி சுத்தமான உண்மை. மீதிப் பாதிக்காகத் தான் நான் இவ்வளவு எழுதப் போறேன்.

உண்மையான பாதியை முதல்ல பார்ப்போம். சக்கரத்தை ஹப்போட பிடிச்சு வைக்கிற போல்ட் எல்லாம் ஒரு வட்டத்து மேல உக்காந்திருக்கும். அந்த வட்டத்தோட விட்டம் தான் பி.சி.டி. சான்ட்ரோவுக்கு நாலு போல்ட், 100 மி.மீ. ஐ10க்கும் அதே, ஐ20க்கும் அதே. நடுவுல ஹப் நுழையற பெரிய ஓட்டை 54.1 மி.மீ., அதுவும் ஒண்ணு தான். போல்ட் மரையும் 12க்கு 1.5. ஆக, ஐ20 ரிம் சான்ட்ரோ ஹப்புல போய் அழகா உக்காரும். கடைக்காரர் பொய் சொல்லல.

மாருதி 800 வச்சிருக்கிறவங்க இங்கயே கழண்டுக்கலாம். உங்களுக்கு பி.சி.டி. 114.3, அதாவது நாலரை அங்குலம். ஸ்விஃப்ட் 100. ஒவ்வொரு ஓட்டையும் 7 மி.மீ. தள்ளி நிக்கும். "ஓட்டையைக் கொஞ்சம் நீட்டி விட்டா போதும்", "நடுவுல ஒரு அடாப்டர் தட்டு வச்சுடலாம்"னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. நீட்டின ஓட்டையில நட்டு உக்கார இடம் இருக்காது. அந்த நட்டு உக்கார்ற சரிவான இடம் தான் சக்கரத்தை நடுவுல பிடிச்சு வைக்கிறது. எட்டு ஓட்டை போட்டு ரெண்டு பி.சி.டி.க்கும் பொருந்தற மாதிரியே வார்த்த அலாய் கடையில விக்குது. அது வேற விஷயம், அது அதுக்குன்னே டிசைன் பண்ணினது.

இப்ப மீதிப் பாதி.

சான்ட்ரோவோட டயர் 155/70 ஆர்13. 155ங்கிறது மி.மீ. கணக்குல அகலம். 70ங்கிறது பக்கச்சுவர் உயரம், அகலத்துல 70 சதவீதம், அதாவது 108.5 மி.மீ. 13 ரிம் விட்டம், அங்குலத்துல (330.2 மி.மீ.). மேல ஒரு பக்கச்சுவர், கீழ ஒண்ணு, நடுவுல ரிம். கூட்டினா மொத்த விட்டம் 547 மி.மீ.

முதல் ஐ20ல வந்த அளவுகள்ல ஒண்ணு 175/70 ஆர்14. பக்கச்சுவர் 122.5. ரெண்டு தடவை போட்டு, 355.6 கூட்டினா 600.6 மி.மீ.

547 எங்க, 600 எங்க! கிட்டத்தட்ட 10 சதவீதம் பெருசு. செட்டா வாங்கிட்டு வந்து டயரோட மாட்டினா நீங்க மாட்டறது "கொஞ்சம் அகலமான சக்கரம்" இல்ல, முற்றிலும் வேற சைஸ் சக்கரம். அகலம் 20 மி.மீ. தான் கூடிச்சு. உயரம் 53 மி.மீ. கூடிடுச்சு. எல்லாரும் அகலத்தைப் பத்தியே பேசறாங்க, வண்டிக்குத் தொல்லை வர்றது உயரத்துல.

பத்து சதவீதம் என்னெல்லாம் பண்ணும்னு வரிசையா பாருங்க. ஸ்பீடோமீட்டர் சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு தான் எண்ணும், எவ்வளவு தூரம் போச்சுன்னு அதுக்குத் தெரியாது. அது 60 காட்டும்போது கணக்குப்படி நீங்க 66ல போறீங்க. (கம்பெனி மீட்டர் எப்பவுமே கொஞ்சம் கூட்டித் தான் காட்டும், அதனால நிஜத்துல 66ஐ விடக் கொஞ்சம் குறைவா இருக்கும். ஆனா அந்தப் பாதுகாப்பு இடைவெளி காலி.)

கியர் எல்லாம் ஒரு அரை கியர் மேல போன மாதிரி ஆயிடும். 1.1 லிட்டர் இன்ஜின், ஏ.சி. ஓடுது, பின்னாடி மூணு பேர், பாடி மேம்பாலம் ஏறணும். முன்னாடி மூணாவதுல ஏறின வண்டி இப்ப ரெண்டாவது கேக்கும்.

பிரேக் தான் எனக்கு முக்கியமாப் படுது. பிரேக் தர்றது ஒரு முறுக்கு விசை. அது ரோட்டுல எவ்வளவு இழுவையா மாறும்ங்கிறது டயரோட ஆரத்தைப் பொறுத்தது. ஆரம் 10 சதவீதம் கூடினா, அதே மிதிக்கு ரோட்டுல கிடைக்கிற பிடிப்பு விசை சுமார் 9 சதவீதம் குறையும். முழு பலத்தோட மிதிச்சா சக்கரம் லாக் ஆகத் தான் செய்யும், அதை நான் மறுக்கல. ஆனா நம்ம ரோட்டுல நாம முழு பலத்தோட மிதிக்கிறது வருஷத்துக்கு ஒரு தடவை. மீதி நாள் எல்லாம் காலுக்குப் பழகின அளவு மிதி தான். அப்பாவோட காலுக்குப் பதினஞ்சு வருஷமா ஒரு அளவு பழகியிருக்கு. நீங்க ஞாயித்துக்கிழமை சக்கரத்தை மாத்திட்டு திங்கக்கிழமை காலையில அவர்கிட்ட சாவியைக் கொடுக்கறீங்க. அம்பத்தூர் ஓ.டி. சிக்னல்ல முன்னாடி ஷேர் ஆட்டோ சடார்னு நிக்குது. அவர் கால் பழைய கணக்குல தான் மிதிக்கும்.

ஸ்டைலுக்காக செய்யற வேலையில இந்தப் பகுதி யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல. கார் நம்மது, ஓட்டறது வீட்டுல மூணு பேர்.

மைலேஜ் பத்தி ஒரு சுவாரசியமான கூத்து இருக்கு. பெரிய சக்கரம் போட்டவங்க எல்லாம் "மைலேஜ் அடி வாங்கிடுச்சு மச்சி"ன்னு புலம்புவாங்க. ஓடோமீட்டரும் சுத்தைத் தானே எண்ணுது? நிஜமா 450 கி.மீ. ஓடியிருந்தா அது 410ன்னு தான் காட்டும். 30 லிட்டர் போட்டிருந்தா நிஜக் கணக்கு லிட்டருக்கு 15, உங்க கணக்கு 13.7. அகல டயர், கனமான ரிம் எல்லாம் நிஜமாவே கொஞ்சம் பெட்ரோல் குடிக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா புலம்பல்ல பெரிய பங்கு மீட்டர் செய்யற மோசடி. அதே காரணத்தால செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பெரிய டயர் போட்ட வண்டியோட கி.மீ. கணக்கை நம்பாதீங்க :-)

உரசல் பத்தி சொல்லவே வேண்டாம். ஆரம் 27 மி.மீ. கூடுது, அது அப்படியே மட்கார்டுக்குள்ள மேல போகும். ஷெட்டுல நிக்கும்போது எல்லாம் சரியாத் தான் தெரியும். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு, நாலு பேரை ஏத்தி, ஸ்பீட் பிரேக்கர்ல இறக்கிப் பாருங்க. "சர்ர்"னு ஒரு சத்தம் கேட்கும். மாட்டிக் கொடுக்கிறவங்க யாரும் நாலு பேரை ஏத்திக் காட்டறதில்ல.

நியாயமான எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, அதை மறைக்கக் கூடாது. பெரிய டயர் போட்டா வண்டி 27 மி.மீ. உயரும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் நம்ம ஊர். கொரட்டூர்லயும் பூந்தமல்லி பக்கமும் தெருவுல தண்ணி நின்னப்ப ஒவ்வொரு அங்குலமும் முக்கியமாத் தான் இருந்தது. வீட்டுக்கு வீடு ஸ்பீட் பிரேக்கர் போட்ட தெருக்கள்லயும் அடி தட்டாது. ஆனா 27 மி.மீ.ங்கிறது ரெண்டு விரல் கனம் கூட இல்ல. முட்டி அளவு தண்ணிக்கு அது ஒரு பதிலே இல்ல. வெள்ளத்துக்கு ஒரே வழி வண்டியை முந்தின நாளே மேம்பாலத்துல கொண்டு போய் விடறது தான். நம்ம ஜனங்க அதைத் தான் பண்றாங்க, பண்ணட்டும்.

மழைன்னு வந்ததும் இன்னொண்ணு. அகல டயர் போட்டா ஈர ரோட்டுல நல்லா பிடிக்கும்னு ஒரு நம்பிக்கை. காய்ஞ்ச ரோட்டுல திருப்பத்துல ஓரளவு நிஜம். தேங்கின தண்ணியில நேர் எதிர். டயர் ரோட்டுல பதியற பரப்பு பெரும்பாலும் வண்டி எடையையும் காத்தழுத்தத்தையும் தான் பொறுத்தது. அகல டயர் போட்டா அந்தப் பரப்பு ரொம்பக் கூடாது, நீளம் குறைஞ்சு அகலம் கூடும், அவ்வளவு தான். அகலமான முகம் அதிகத் தண்ணியை ஒதுக்க வேண்டியிருக்கும், அதனால சீக்கிரம் தண்ணி மேல மிதக்கும். ஒல்லி டயர் தண்ணியைக் கிழிச்சுட்டுப் போகும். சட்டப்படி காருக்குப் பட்டன் ஆழம் குறைஞ்சது 1.6 மி.மீ. இருக்கணும். செகண்ட் ஹேண்ட் செட்டுல வர்ற டயர்ல அது எவ்வளவு பாக்கின்னு யாராவது பார்க்கிறாங்களா?

இந்த அளவு எல்லாம் கம்பெனிக்காரன் சும்மா வைக்கிறதில்லங்கிறதுக்கு ஒரு உதாரணம். இங்கிலாந்து மினி கார் 1959ல வந்தப்ப 10 அங்குலச் சக்கரம். 1984ல அதை 12 அங்குலமா மாத்தினாங்க. ஏன்? உள்ள பெரிய டிஸ்க் பிரேக் வைக்க இடம் வேணும். கூடவே வெளிய நீட்டின டயரை மூட மட்கார்டுக்கு மேல பிளாஸ்டிக் வளைவு வச்சாங்க. அதாவது சக்கரம் பெருசானது பிரேக்குக்காக. நாம பிரேக்கை அப்படியே விட்டுட்டு சக்கரத்தை மட்டும் பெருசாக்கறோம், பெரிய ரிம்முக்குள்ள குட்டி டிரம் பரிதாபமா எட்டிப் பார்க்குது. (அந்த 12 அங்குல மினியோட டயர் 145/70 ஆர்12. நம்ம மாருதி 800க்கும் அதே சைஸ் தான். பெரியப்பா பையன் மாதிரி!)

அப்போ ஐ20 ரிம்மே போடக் கூடாதா? நான் அப்படிச் சொல்லல. என் கருத்து இது தான்: ரிம்மை வாங்குங்க, டயரை அங்கயே விட்டுட்டு வாங்க.

அதே 14 அங்குல ரிம்முல 165/60 ஆர்14 போட்டா விட்டம் 553.6. பழசை விட 1.2 சதவீதம் தான் கூட. ஸ்பீடோமீட்டருக்கும் பிரேக்குக்கும் கியருக்கும் வித்தியாசமே தெரியாது. 3 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கிறது பொதுவா எல்லாரும் வச்சிருக்கிற கணக்கு. எனக்கு 2க்குள்ள இருந்தா நிம்மதி. ஐ10ல வந்த 165/65 ஆர்14 கூட 4 சதவீதம் தாண்டுது, கவனம். அந்த சைஸ் உங்க ஊர்ல கிடைக்குதான்னு முதல்ல டயர்க் கடையில கேட்டுட்டு அப்புறம் ரிம்முக்கு அட்வான்ஸ் கொடுங்க. வரிசை மாறினா ரிம் மொட்டை மாடியில தொட்டியா மாறிடும்.

டயர் மேல சைஸுக்குப் பக்கத்துல 75, 77னு ஒரு எண் இருக்கும், அது தாங்கற எடை. 75ன்னா 387 கிலோ, 77ன்னா 412. பழைய டயர்ல இருக்கிற எண்ணை விடக் கீழ போகாதீங்க. ஆஃப்செட்டும் பார்க்கணும், அதாவது ஹப்புல உக்கார்ற முகம் ரிம்மோட நடுவுலேருந்து எவ்வளவு தள்ளியிருக்குங்கிறது. ஆஃப்செட் அதே இருந்து ரிம் ஒரு அங்குலம் அகலமானா, உள்பக்கம் 12.7 மி.மீ., வெளிப்பக்கம் 12.7 மி.மீ. போகும். உள்ள போறது ஸ்ட்ரட்டை இடிக்குதான்னு விரலை விட்டுப் பாருங்க. வெளிய ரொம்பத் தள்ளினா வீல் பேரிங் தான் முதல்ல "ஊய்ங்"ன்னு பாட ஆரம்பிக்கும். இரும்பு ரிம்மிலேருந்து அலாய்க்கு மாறினா நட்டும் அதுக்கு ஏத்ததா மாத்தணும், பழைய நட்டையே முறுக்காதீங்க.

15, 16 அங்குலம்? வேண்டாம்யா. விட்டத்தைச் சரியா வைக்க 175/50 ஆர்15 போடலாம், கணக்கு 556 வருது, பொருந்துது. ஆனா பக்கச்சுவர் 108லேருந்து 87க்கு வந்துடும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டின நாள்ல போரூர் - பூந்தமல்லி ரோட்டுல போனவங்களுக்குப் பக்கச்சுவர் எதுக்குன்னு நான் சொல்லத் தேவையில்ல. பள்ளத்துல விழுந்தா அடியை வாங்கறது ரப்பரா, ரிம்மான்னு தீர்மானிக்கிறது அந்த 20 மி.மீ. தான்.

உங்க ஆசை நிஜமா அகலம் மட்டும் தான்னா, இந்தத் திருவிழாவே தேவையில்ல. உங்க சொந்த 13 அங்குல ரிம்முலயே 165/65 ஆர்13 போடுங்க. விட்டம் 544.7, அரை சதவீதம் கம்மி. அகலம் 10 மி.மீ. கூட. ரிம் மேல பொறிச்சிருக்கிற அகலம் அந்த டயருக்கு ஏத்ததான்னு மட்டும் டயர்க் கடையில கேட்டுக்கோங்க. பார்க்கிறவன் "ஓ, வீல் மாத்திட்டியா!"ன்னு கேட்க மாட்டான், அது ஒண்ணு தான் குறை. மிச்ச காசுல பிரேக் ஷூ மாத்தலாம். இதைச் சொன்னா என் நண்பர்கள் என்னைத் தாத்தாங்கறாங்க.

சட்டம் பத்தியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாத்தறதைத் தடுக்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், கேரளாவிலேருந்து போன ஒரு வழக்குல, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு முரணா வண்டியை மாத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லன்னா ரெண்டுமேன்னு சேர்த்தாங்க. மட்கார்டைத் தாண்டி நீட்டிட்டு இருக்கிற டயர் தூரத்திலேயே கண்ணுல படும். பழைய விட்டத்துக்கு ஒட்டி, மட்கார்டுக்குள்ள அடங்கி இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியா எல்லாரும் மறக்கிற ஆள், ஸ்டெப்னி. (இந்த வார்த்தை வேல்ஸ்ல லனெல்லிங்கிற ஊர்ல இருக்கிற ஸ்டெப்னி தெருவிலேருந்து வந்தது. 1904 வாக்குல உபரிச் சக்கரம் செஞ்ச கம்பெனி அங்க இருந்தது. அங்கயே மறந்துட்டாங்க, நாம இன்னும் விடல.) நாலு ரிம் வாங்கிட்டு வர்றவங்க டிக்கியில பழைய 13ஐயே விட்டு வைக்கிறாங்க. முன்சக்கரம் பஞ்சர் ஆகி அதை மாட்டினா, ஒரு பக்கம் 600, ஒரு பக்கம் 547. சான்ட்ரோவுக்கு இழுவை முன்சக்கரத்துல தான். நேர் ரோட்டுலயே டிஃபரன்ஷியல் ஓயாம சுத்தும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். விட்டம் ஒட்டி வர்ற டயர் போட்டிருந்தா அதே பழைய ஸ்டெப்னி வீடு வரைக்கும் தாராளமா கொண்டு வந்து சேர்க்கும்.

ஏற்கனவே மாட்டியாச்சுன்னா இப்படிச் செய்யுங்க. ஸ்டெப்னியை வெளிய எடுத்து, தரையிலயும் டயர்லயும் ஒரே இடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு, ஒரு முழுச் சுத்து உருட்டி, தரையில தூரத்தை டேப்பால அளங்க. 172 சென்டிமீட்டர் கிட்ட வரும். புதுச் சக்கரம் ஒண்ணைக் கழட்டி அதையும் அதே மாதிரி உருட்டுங்க. 5 சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருந்தா ரிம்மை வச்சுக்கிட்டு டயரை மாத்துங்க. அதுவரைக்கும் சாவியை அப்பாகிட்ட கொடுக்கும்போது விஷயத்தைச் சொல்லிட்டுக் கொடுங்க.